நாரைக்கு முன் நத்தை

பறவைகளிடம் நம் ஜனங்கள் கொண்டிருந்த நேசம் மிகப் பழையது. வறுமையில் வாடிய சத்திமுற்றப் புலவர், ஊரிலிருந்த மனைவிக்குச் சேதி சொல்ல நாடியது ஒரு செங்கால் நாரையைத்தான். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் கிராமத்தார் செய்ததோ அதைக் காட்டிலும் விசேஷம். தங்கள் ஏரியில் தங்கிய பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டபோது, அவர்கள் ஜில்லா கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே அப்பறவைகளுக்குப் பாதுகாப்புப் பெற்றார்கள். அன்பு மட்டுமா காரணம்? எச்சம் கலந்த ஏரி ஜலம் வயலுக்கு நல்ல எருவாயிற்று. நேசமும் பிரயோஜனமும் சேர்ந்திருந்ததால் பறவை பிழைத்தது.

சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. வேளச்சேரிக்கும் பெருங்குடிக்கும் இடையே கிடக்கும் இச்சதுப்பு நிலத்தைப் பயனற்ற பொட்டல் என்று எண்ணியவர்கள் அதைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினார்கள். பெருங்குடிப் பக்கம் நகரத்துக் குப்பையை மலையாகக் குவித்தார்கள். எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக் காடாயிற்று. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்ஸார் என்னும் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றது. பெருமைதான், ஆனால் பட்டியல் காவல் காக்காது.

இனி எதை முதலில் காப்பது? பூநாரை இறங்கும் நாட்களில் சாலையோரம் கூட்டம் கூடுகிறது. கண்ணைக் கவரும் பறவைக்கே முதலிடம் என்று மனம் சொல்லும். நத்தைகுத்தி நாரையைச் சற்றுக் கவனியுங்கள். அதன் அலகு முழுவதும் மூடாது. நடுவே இடைவெளி இருக்கும். அந்த அலகால்தான் அது ஓட்டிலிருந்து நத்தையை எடுத்துத் தின்கிறது. நத்தைக்கு வேண்டியது ஆழமில்லாத நல்ல நீரும், அதில் வளரும் பூண்டும். நத்தையைத் தூதனுப்ப எந்தப் புலவரும் முன்வரமாட்டார்! ஆயினும் அது அழிந்தால் இந்நாரைக்கு இங்கே வேலையில்லை.

ஆகவே முதற்கடமை பறவைக்கல்ல, ஜலத்துக்கு. தென்புறத்து ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளத்தருகே கடலில் சேர்கிறது. இவ்வழி குறுகினால் வெள்ளம் வீட்டைத் தேடி வரும். 2015 டிசம்பரில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை யார் மறப்பார்? நாரை நிற்க இடமிருந்தால் வெள்ளம் நிற்கவும் இடமிருக்கும். வேடந்தாங்கலுக்கு எரு எப்படியோ, பள்ளிக்கரணைக்கு இது அப்படி.

நீர்வழியைத் திறந்து வைத்தல் முதலாவது; குப்பையும் சாக்கடையும் சேராமல் தடுத்தல் இரண்டாவது; பறவைகளைக் கண்டு களித்தல் அதற்குப் பிறகு. இந்த வரிசையை அங்குள்ள குடும்பங்கள் ஒன்றுகூடி அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கிராமத்துக் குடியானவர்களால் முடிந்த காரியம், படித்தவர்கள் நிறைந்த பட்டணத்தாரால் முடியாதா?