தழும்பு ஏன் மறையவில்லை?

முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலையில், 1547-ல் போர்த்துக்கீசியர் ஒரு கற்சிலுவையைக் கண்டெடுத்தார்கள். சுற்றிலும் பஹ்லவி எழுத்து. இயேசுவின் உருவம் கிடையாது. அவர் எழுந்துவிட்டார், அதனால்தான் சிலுவை காலி என்று விளக்கம் சொல்வார்கள். அதே மலையில்தான் தோமா உயிர்விட்டார் என்பது மரபு.

தோமா என்றாலே நமக்கு 'சந்தேகப் பேர்வழி'. ஆனா யோவான் 20-ம் அதிகாரத்தை நிதானமா வாசிச்சுப் பாருங்க. அவர் கேட்டது ஆணிக் காயத்தை. இயேசுவும் கோபிக்காமல் அதையே காட்டினார். மரணத்தை வென்ற உடம்பில் தழும்பு மட்டும் ஏன் மறையவில்லை?

என் புரிதல் இது: உயிர்த்தெழுதல் என்பது ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்கிற வேலை அல்ல. பட்ட காயத்தோடு எழுந்து நிற்பது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம், கல்பாக்கம் கரைகளில் சுனாமி புகுந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "அதான் உயிர்த்தெழுதல் இருக்கே, அழாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்வது விசுவாசமா? லாசருவை எழுப்பப் போகிறவரே முதலில் அழுதாரே!

ஈஸ்டர் காலையில் வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்குவது சுலபம். மறுநாள் அடுத்தவர் காயத்தருகே உட்கார முடிகிறதா? நம்பிக்கைக்கு அதுதான் சோதனை.