பட்டினி கிடந்தால் நடிப்பு வருமா?

2004-இல் வெளியான 'தி மெஷினிஸ்ட்' படத்தில் கிறிஸ்டியன் பேல் சட்டையில்லாமல் நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆறடி உயர மனிதர் சுமார் 28 கிலோவை இழந்து 55 கிலோவுக்கு வந்திருந்தார். அதில் ஒப்பனையும் இல்லை, வரைகலையும் இல்லை. அடுத்த படமான 'பேட்மேன் பிகின்ஸ்' படத்துக்காக, சில மாதங்களிலேயே அத்தனை எடையையும் மீண்டும் ஏற்றினார்.

இதைப் படிக்கும்போது நமக்குள் ஒரு மரியாதை பிறக்கிறது. கலைக்காக ஒருவர் இவ்வளவு வருத்திக்கொள்கிறார் என்றால் அந்த நடிப்பு உயர்ந்ததாகத்தானே இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கு சரியா என்று சோதிக்க ஓரளவு அறிவியல் இருக்கிறது. அதில் முதல் பாடம் சினிமாவோடு தொடர்பே இல்லாத ஓர் இடத்திலிருந்து வருகிறது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் கிடந்தார்கள். அவர்களுக்கு எப்படி உணவூட்டித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு பரிசோதனை நடத்தினார். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி உணவு மட்டுமே தரப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது.

உடல் இளைத்ததைவிட மனத்தில் நடந்தது திகைக்க வைப்பது. எரிச்சல் கூடியது. சிரிப்பு குறைந்தது. நண்பர்களோடு பேச ஆர்வம் போனது, காம இச்சை அடங்கியது. சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், நினைவெல்லாம் சோறாகிவிட்டது. பட்டினி ஆழமான உணர்ச்சிகளைக் கிளறிவிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மனிதரை மந்தமாக்குகிறது. கோபம், காதல், குழைவு, கேலி என்று விரிந்து கிடக்கும் உணர்ச்சியின் வீச்சுதான் நடிகரின் கருவி. பட்டினி அந்த வீச்சையே சுருக்குகிறது. பேலின் பாத்திரம் ஓராண்டாகத் தூங்காத, உலகத்திலிருந்து விலகிப்போன தொழிலாளி. அந்த மந்தம் அங்கே பொருந்தியது. துள்ளும் காதலனாக நடிக்க வேண்டியிருந்தால் அதே பட்டினி அவர் காலை வாரியிருக்கும் என்பது என் எண்ணம்.

இப்படி உடலை வருத்திப் பாத்திரமாக மாறும் வழியை 'மெத்தட் ஆக்டிங்' என்று சொல்கிறார்கள். அதன் வேர் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. நடிகர் தன் சொந்த நினைவுகளைத் தோண்டி உணர்ச்சியை எடுக்கலாம் என்பது அவருடைய தொடக்ககால யோசனைகளில் ஒன்று. நியூயார்க்கில் நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பர்க் அதைத்தான் முதன்மையாகப் பிடித்துக்கொண்டார். ஆனால் 1934-இல் நடிகை ஸ்டெல்லா ஆட்லர் பாரிசில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்தபோது, அவர் அதிலிருந்து நகர்ந்து கற்பனைக்கும் உடல் செயலுக்கும் முதலிடம் கொடுத்திருந்தார். மார்லன் பிராண்டோ இந்த ஆட்லரின் மாணவர். மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதும், படப்பிடிப்பு முடிந்த பிறகும் பாத்திரமாகவே திரிவதும் இவர்கள் வகுத்த பாடத்தில் இல்லை.

நடிக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பிரவுன் குழு, பயிற்சி பெற்ற 15 நடிகர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தது. 2019-இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் சில கேள்விகளுக்குத் தாமாகவும், ரோமியோவாகவோ ஜூலியட்டாகவோ மாறியும் பதில் சொன்னார்கள். பாத்திரமாகப் பேசியபோது, 'நான்' என்ற உணர்வோடு தொடர்புள்ள முன்மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. அதே நேரம் ப்ரீகியூனியஸ் என்ற பின்பகுதியில் செயல்பாடு கூடியது. தன்னையும் பாத்திரத்தையும் ஒருசேரக் கவனிக்கும் இரட்டை விழிப்பாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதைவிட வியப்பான ஒன்றும் அதில் உண்டு. தாமாகவே இருந்து, வெறுமனே பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசச் சொன்னபோதும் முன்மூளையில் அதே மாதிரியான தணிவு தென்பட்டது. குரலை மாற்றிய உடனே 'நான்' கொஞ்சம் விலகி வழிவிடத் தொடங்கிவிடுகிறது! சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாத்திரத்துக்குள் நுழைய உடலை வதைக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல அறிகுறி.

இன்னொரு சிக்கல், சினிமா நடிப்பை நடிகர் மட்டும் உருவாக்குவதில்லை. சுமார் நூறாண்டுகளுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தைக் கஞ்சிக் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் ஆகிய காட்சிகளோடு மாறிமாறி வெட்டி ஒட்டினாராம். பார்த்தவர்கள் ஒரே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா நேரமும் ஒரே முடிவு கிடைக்கவில்லை. ஆனால் ஒரு முகத்தை அதன் சூழலோடு சேர்த்தே வாசிக்கிறோம் என்பதில் ஐயமில்லை. 'இவர் இதற்காக 28 கிலோ குறைத்தார்' என்ற செய்தியும் அப்படிப்பட்ட சூழல்தான். அது தெரிந்த பிறகு, நடிப்பைப் பார்க்கிறோமா, தியாகத்தைப் பார்க்கிறோமா என்று பிரிப்பது கடினம்.

வென்றவர்களின் கதைகளே நம் காதுக்கு வருகின்றன என்பதும் இதில் சேர்த்தி. 'ரேஜிங் புல்' (1980) படத்துக்காக ராபர்ட் டி நீரோ சுமார் 27 கிலோ ஏற்றி ஆஸ்கர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். 'சாப்டர் 27' (2007) படத்துக்காக ஜாரெட் லெட்டோ அவரைவிடக் கூடுதலாகவே ஏற்றினார்; பாதங்களில் கௌட் என்னும் மூட்டு வலி வந்து அவதிப்பட்டார். அந்தப் படம் விமர்சகர்களிடம் எடுபடவில்லை, இன்று அதைப் பேசுவாரும் குறைவு.

டி நீரோவையே கூர்ந்து பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. எடை ஏற்றுவதற்கு முன், படத்தின் நிஜ நாயகரான குத்துச்சண்டை வீரர் ஜேக் லமோட்டாவிடமே நீண்ட நாள் பயிற்சி எடுத்தார். 'மை லெஃப்ட் ஃபுட்' (1989) படத்துக்காக டேனியல் டே லூயிஸ் சக்கர நாற்காலியை விட்டு எழாமல், பிறர் ஊட்டச் சாப்பிட்டதைத்தான் ஊடகங்கள் பேசின. என்னை உலுக்குவது, காலால் எழுதவும் ஓவியம் தீட்டவும் அவர் கற்றுக்கொண்டது. கற்ற திறமை தசையில் தங்கும். இயக்குநர் இன்னொரு டேக் கேட்டால் அதே அளவில் திரும்ப வரும். முந்தைய ஷாட்டில் எந்தக் கை கோப்பையைப் பிடித்திருந்தது, தரையில் எந்தக் குறியில் நிற்க வேண்டும், ஒளி எங்கே விழுகிறது என்று கவனித்தபடியே அழ வேண்டிய தொழில் இது. அதற்கு வேண்டியது தெளிந்த தலை. பசியும் தூக்கமின்மையும் முதலில் கெடுப்பது அதைத்தான்.

பயிற்சியின் வலிமைக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. 'நவராத்திரி' (1964) படத்தில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடங்களில் வந்தார். குடிகாரர், மருத்துவர், நோயாளி, கூத்துக் கலைஞர் என்று நடையும் குரலும் கண்ணும் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொருவராகவும் மாதக்கணக்கில் வாழ்ந்து பார்க்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது. சிறுவயதிலேயே நாடக சபையில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகிய உடம்பும் குரலும்தான் அங்கே வேலை செய்தன. அந்த நடிப்பு மிகை என்பவர்கள் உண்டு. அது ரசனை வேறுபாடு. அந்தக் கட்டுப்பாட்டை யாரும் மறுக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: வருத்திக்கொள்வது நடிகருக்கு ஒரு தோற்றத்தைத் தரும், சில பாத்திரங்களுக்கு அது அவசியமாகவும் இருக்கும். நடிப்பைத் தருவது பயிற்சி. சினிமாக் கனவோடு சென்னைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எடையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லும் வேடம் வந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். எஞ்சிய நாட்களில் அந்தப் பாத்திரத்தின் தொழிலையும் பேச்சையும் கற்றுக்கொள்ளுங்கள்.