பற்றோ? பித்தோ?

பிரெஞ்சு மொழியிலும் அந்நாட்டு நடையுடை பாவனைகளிலும் அளவிறந்த ஈடுபாடு கொண்டவரை ஐரோப்பியர் ‘பிராங்கோபைல்’ என்பர். கிரேக்க மொழியிற் ‘பிலோஸ்’ என்பது அன்புடையாரைக் குறிக்கும். ஆதலின் அச்சொல்லிற் பழிப்பு இல்லை. முற்பகுதியும் நமக்கு முற்றிலும் புதிதன்று. பிராங்கு என்னும் குலப்பெயரே அரபியர், பாரசீகர் வாய்வழி வந்து நம்மிடையே ‘பறங்கி’ ஆயிற்று.

இதற்குத் தமிழில் யாது சொல்வோம்? நம் நாவில் முந்தி வருவது ‘பிரெஞ்சு மோகம் பிடித்தவர்’ என்பதே. 1842ஆம் ஆண்டில் 58,000க்கு மேற்பட்ட சொற்களோடு யாழ்ப்பாண அகராதி அச்சேறியது இம் மானிப்பாயிலேயாகும். அத்தகைய ஊரிலிருந்து சொல்வறுமை பேசுதல் தகாது. ஆர்வம், பற்று, காதல், மோகம், பித்து, வெறி என அன்பின் ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் சொல் உண்டு. யாரை எப்படியில் நிறுத்துவது என்பதே வினா.

புதுச்சேரியை நோக்குவோம். அங்குச் சுதேச உடையணிந்த வழக்கறிஞர் வெறுங்காலுடனேயே நீதிமன்றம் புகவேண்டும் என்பது அக்கால வழக்கமாயிருந்தது. 1873ஆம் ஆண்டிற் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து சென்றார்; தடுக்கப்பட்டார். அவர் பாரிசிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். பின்னர் 1881ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு அது வழி செய்தது. அங்ஙனம் துறந்தோர் குடும்பப்பெயர் ஒன்றையும் பூண்டனர். பொன்னுத்தம்பியார் பூண்ட பெயர் ‘லப்போர்த்’. அதன் பொருள் வாயில் என்பது.

சப்பாத்து, சட்டம், பெயர் மூன்றும் பிரெஞ்சு. மேலோட்டமாக நோக்குவார் இதனைப் பித்து என்பர். ஆயின் அவர் வேண்டியது சப்பாத்தன்று. வெள்ளையரோடு ஒத்த மதிப்பு. துறந்தோருள்ளும் சாதிக் கட்டினின்று விடுபட விழைந்தோர் பலர். மானத்தை நாடியவனை மோகி என்றல் முறையாகுமா?

மறுபுறம் ஒன்றைக் காண்க. சூலியன் வின்சோன் (1843–1926) என்னும் பிரெஞ்சுக்காரர் காரைக்காலில் வளர்ந்து, பாரிசிலே தமிழ் கற்பித்தவர், உ. வே. சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு பூண்டவர். அவரைத் ‘தமிழ்ப் பித்தர்’ என்று எவரேனும் இகழ்ந்ததுண்டா? ‘தமிழன்பர்’ என்று போற்றுகின்றோம். பிறர் நம்மை விரும்பின் அன்பு. நம்மவர் பிறரை விரும்பின் பித்து! இத் துலாக்கோல் ஒருபாற் கோடியதன்றோ?

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் பல்லாயிரவர் பிரான்சு சென்று குடியேறினர். பாரிசின் லா சப்பல் பகுதியில் இன்று தமிழ்க் கடைத்தெருவே உண்டு. அங்குப் பிறந்த பிள்ளைகட்குப் பிரெஞ்சு பள்ளிமொழி, தோழர்மொழி. விடுமுறைக்கு ஊர் வந்த பேர்த்தி பிரெஞ்சில் நான்கு சொற் பேசினால், “பிரெஞ்சுக்காரி வந்திட்டாள்” என நகைக்கின்றோம். அடுத்து அவள் தமிழிற் பேச வாயெடுக்கும்பொழுது அந்நகைப்பு நினைவுக்கு வரும், நா கூசும். அவளுடைய பிரெஞ்சு தமிழை விலக்கவில்லை. நம் நகைப்பே விலக்குகின்றது.

ஆகவே ஒரு வரையறை செய்வோம். பிறமொழியை விரும்பித் தம்மொழியையும் பேணுவார் பிரெஞ்சுப் பற்றாளர். பிறமொழியை விரும்பியதனால் தாய்மொழியை இகழ்வார் பிரெஞ்சுப் பித்தர். இரண்டாம் சொல்லை எடுக்குமுன் ஆசிரியரும் பெற்றோரும் சற்றே ஆராய்க. பற்றாளரைப் பித்தரென்று பலகால் அழைப்பின், அவர் பித்தராகவே ஆகிவிடுதலும் கூடும்.