போர் விமானியின் சேவையை ஆராய்தல்

உறவினர் ஒருவர் போர் விமானியாக இருந்தார் என்னும் குடும்பக் கூற்றை ஆராயப் புகுவோர் முதலில் அறியவேண்டியது அவரது படையணியின் இலக்கத்தையே. 1942 ஏப்பிரல் 5இல் யப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் படையணி இரத்மலானையிலிருந்தும், 258ஆம் படையணி கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்களைச் செலுத்தின. இத்தகைய படையணிகளின் செயற்பாட்டுப் பதிவேடுகள் இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் உள. 540ஆம் படிவம் அன்றாட நிகழ்வுகளின் சுருக்கம். விமானியின் பெயர், விமான இலக்கம், புறப்பட்ட நேரம், மீண்ட நேரம் என்பன வழக்கமாக 541ஆம் படிவத்திலேயே காணப்படும். (விமானத்தைப் பழுதுபார்த்த தொழிலாளியின் பெயரை அங்குத் தேடுதல் வீண்.)

வீழ்த்திய எண்ணிக்கையை மட்டும் அப்படியே ஏற்றல் தகாது. அன்று பிரித்தானியர் உரிமைகோரிய தொகை, யப்பானியர் இழந்த 7 விமானங்களின் இருமடங்கினும் மிகுதி. இது பொய்யுரையன்று, விரைவான வான்சமரில் ஒரே விமானம் இருவர் கணக்கில் ஏறுவதுண்டு. ஆதலின் எதிர்த்தரப்பின் இழப்புப் பதிவுகளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.