நான்கில் ஒன்று தவறும்போது

1949ஆம் ஆண்டு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் ஆலையில் ஆஸ்டின் ஏ40 கார்கள் பூட்டப்பட்டன. ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரை வைத்து அந்த நிறுவனத்தைத் தொடங்கியது அதற்கு முந்தைய ஆண்டில்தான். 1955இல் அது அசோக் லேலண்டு ஆகி லாரி பக்கம் போய்விட்டது. கார் நின்றாலும் அந்த 1200 சிசி, 40 குதிரைத்திறன் இன்ஜினின் வம்சம் நிற்கவில்லை. அதே அச்சில் வளர்ந்த 1489 சிசி இன்ஜின் பின்னாளில் அம்பாசடருக்குள் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆகவே கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ அம்பாசடர் பார்த்துப் பழகிய மெக்கானிக் ஏ40இன் பானட்டைத் தயங்காமல் திறக்கலாம். வெடிக்கும் வரிசை அதே 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருப்பதும் அதே பாயிண்ட், அதே கண்டென்சர்.

அப்படி ஒரு கிழ வண்டி மிஸ்ஸடித்து, குலுங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தால், பெரும்பாலானோர் கை முதலில் போவது கார்புரேட்டருக்குத்தான். ஸ்க்ரூவைத் திருகினால் சத்தம் மாறும். மாறினாலே ஏதோ சரியான மாதிரி தோன்றும். என்னைக் கேட்டால், அதைக் கடைசிவரை தொடக்கூடாது. திருகத் திருக, கோளாறு விட்டுவைத்த தடயமும் அழிந்துபோகும்.

முதலில் தெரிய வேண்டியது, தவறுவது ஒரு சிலிண்டரா, எல்லாமுமா என்பது. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நான்கு வீச்சு இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். அதாவது நிமிடத்துக்கு 400 முறை, நொடிக்கு ஏறக்குறைய ஏழு. ஒரே ஒரு சிலிண்டர் செத்திருந்தால் அந்தக் குறை இதே கணக்கில், பிசகாமல் திரும்பத் திரும்ப வரும். சைலன்சர் வாய்க்குப் பின்னால் கையைக் காட்டினாலே புரியும். பொதுவான கோளாறு என்றால் தாளமே இருக்காது. எப்போது தவறும் என்று சொல்ல முடியாது.

திருவள்ளூர் ஆலையில் இன்று தயாராகும் சிட்ரோயன் சி3யும் 1.2 லிட்டர் கார்தான், சிலிண்டர் மட்டும் மூன்று. அதன் கணினியும் இதே வழியில்தான் கண்டுபிடிக்கிறது: வெடிப்பு ஒன்று தவறினால் கிராங்க் ஷாஃப்டின் வேகம் அந்தக் கணத்தில் சற்றே தளரும், சென்சார் அதைக் குறித்துக்கொண்டு, எந்த சிலிண்டர் என்று எண் கொடுத்துவிடும். பழைய வண்டியில் அந்த வேலையைக் காதும் கையும் செய்கின்றன.

எந்த சிலிண்டர் என்று பார்க்க, ரப்பர் கைப்பிடி போட்ட பிளேயரால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையை இன்ஜின் உடம்பில் எர்த் ஆகும்படி வைக்க வேண்டும். (எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இதை முயலாதீர்கள்.) நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் ஓட்டம் விழும். எதை எடுத்தும் மாற்றமே இல்லையோ, அதுதான் ஆள். இனி அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றலாம். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் அடுத்து வயர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பிளக், பாயிண்ட், காயில் மூன்றையும் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடலாம். ஏன் ஓடியது என்று மட்டும் தெரியாது.

பிளக்கும் வயரும் நன்றாக இருந்தால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டில் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். வால்வுக்கு இன்னொரு பின்கதையும் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோலில் எரியும் ஈயம் வால்வு இருக்கைமேல் படிந்து அதைக் காத்துவந்தது. 2000 பிப்ரவரியோடு நாட்டில் அந்தப் பெட்ரோல் நின்றது. அதை நம்பிச் செய்யப்பட்ட இருக்கைகள் அதிக வேகத்தில் அரிபடும். டேப்பெட் இடைவெளி மெல்ல மூடிக்கொள்ளும். சூட்டில் வால்வு முழுக்க அடையாது.

தாளமில்லாமல் எல்லா சிலிண்டரும் தவறினால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கலாம். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பட்டறைக் கணக்கில் 15 தவ். இது கூடினால் டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். பாயிண்டை வைத்த பிறகே டைமிங். பாயிண்ட் முகம் கருகியிருந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடி, தேசிய நெடுஞ்சாலையில் மேம்பாலம் ஏறும்போது மட்டும் திணறும் வண்டிகள் உண்டு. பாரம் ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும். அந்தக்கால பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். ரேடியோவுக்காக யாரோ எப்போதோ நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருப்பார்கள். காயிலின் இரண்டு முனைகளையும் மாற்ற மறந்திருப்பார்கள். பிளக்கின் நடு முனைதான் அதிகச் சூடான இடம். சூடான உலோகம் எலெக்ட்ரானை எளிதில் விடும் என்பதால் அது எதிர்மின்னாக இருப்பதே வசதி. தலைகீழானால் கூடுதல் வோல்ட் தேவைப்படும். காயில் பழசானால் மேட்டில் தோற்கும். காசே செலவில்லாத ரிப்பேர் இது, இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும்.

மாறாக, ஐடிலிங்கில் மட்டும் குலுங்கி, ரேஸ் கொடுத்ததும் சரியானால் காற்று கசிகிறது. கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டைச் சுற்றி ஆயில் கேனால் சொட்டு விட்டால், கசியும் இடத்தில் சத்தம் மாறும். அம்பாசடர் இன்ஜினில் 1, 2 சிலிண்டர்களுக்கு ஒரு வாய், 3, 4க்கு இன்னொன்று. மேனிஃபோல்டில் கசிந்தால் ஜோடியாகவே தவறும்.

கடைசியில்தான் பெட்ரோல். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 13.5 கிலோ காற்று போதும். சுத்த பெட்ரோலுக்கு 14.7. பழைய ஜெட் இதை அறியாது, பழைய அளவிலேயே ஊற்றும். கலவை மெலிந்து, கார்புரேட்டரில் பட்பட்டென்று திருப்பி அடிக்கும். ஒரு அளவு பெரிய ஜெட் போட்டால் சரியாகும். பம்ப் டயாஃப்ரத்தையும் ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவது தனிச் செலவு.

50 ஆண்டு கடந்த காரை 2021 விதிப்படி ‘விஏ’ எண்ணில் விண்டேஜாகப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே அனுமதி. அதனால் டாங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். டாங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். கோடு போட்டதுபோல் இரண்டு அடுக்காக நின்றால், எந்த ஸ்க்ரூவையும் திருக வேண்டாம். டாங்கை முழுக்க இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.