சிறுவர் உழைப்பை முதலாளிகள் நாடியது ஏன்?

ஒரு வேலைக்கு வலிமையும் அனுபவமும் உடைய ஆளைத் தேடுவதே உலக வழக்கம். ஏர் பிடிக்கவும் கிணறு வெட்டவும் எட்டு வயதுச் சிறுவனை எவரும் அழைப்பதில்லை. ஆயினும் நூற்பாலை, கம்பள நெசவு, தீப்பெட்டி, பீடி முதலிய தொழில்களில் முதலாளிகள் பெரியவர்களை விட்டுச் சிறுவர்களையே விரும்பி அழைத்த காலம் ஒன்று உண்டு. வேலையற்ற தந்தை திண்ணையில் அமர்ந்திருக்க, மகன் விடியுமுன் பட்டறைக்குச் சென்றான். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் யாது? காரணத்தை அறிந்தாலன்றி, நோயைத் தீர்க்கும் வழியும் நமக்குப் புலப்படாது.

வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்று உண்டு. சிறுவர்களின் விரல்கள் மெல்லியவை. ஆதலால் நுண்ணிய வேலை அவர்களுக்கே கைவரும் என்பதே அது. சில தொழில்களில் சிற்றுடல் பயன்பட்டது உண்மையே. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குறுகிய வழிகளில் ஊர்ந்து செல்லவும், நூற்கும் இயந்திரங்களின் அடியில் புகுந்து பஞ்சைத் துடைக்கவும் சிறுவர்களையே ஏவினர். அமெரிக்காவில் 1790-ஆம் ஆண்டு சாமுவேல் ஸ்லேட்டர் தம் நூற்பாலையைத் தொடங்கியபோது, அவரிடம் வேலை செய்தவர்கள் 7 முதல் 12 வயது வரையுள்ள 9 சிறார்களே. ஆனால் மெல்லிய விரல் பற்றிய வாதம் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. இந்தியக் கம்பளத் தொழிலைப் பற்றி 1990-களில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் சார்பில் நடந்த ஆய்வு, பெரியவர்களால் இயலாத முடிச்சு எதனையும் சிறுவர்கள் போடவில்லை என்று காட்டியது. அங்ஙனமாயின் உண்மைக் காரணம் வேறு எங்கோ இருத்தல் வேண்டும்.

அதனைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில், ஆந்திரத்தின் எல்லையோரத்தில் குடிபாலா என்னும் ஊர் உள்ளது. இவ்வூரைச் சூழ்ந்த பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை வடஆர்க்காட்டோடும், 1953-இல் ஆந்திர மாநிலம் தோன்றும் வரை சென்னை மாகாணத்தோடும் இணைந்திருந்தது. எல்லைக்கு இப்பால் உள்ள வேலூரும் குடியாத்தமும் பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஆகவே சென்னை மாகாணத்துப் பீடிப் பட்டறைகளின் கதை, எல்லையின் இருபுறத்துத் தமிழருக்கும் பொதுவான கதையாகும்.

1929-இல் அமைக்கப்பெற்று, விட்லி என்பாரின் தலைமையில் நாடெங்கும் விசாரணை நடத்திய இந்தியத் தொழிலாளர் ராயல் கமிஷன், 1931-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சென்னை மாகாணப் பீடிப் பட்டறைகளில் 5 வயதே ஆன குழந்தைகளும் வேலை செய்வதை அக்கமிஷன் எடுத்துரைத்தது. உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை. வார விடுமுறை இல்லை. நாளொன்றுக்கு 10 மணி, 12 மணி நேர வேலை. மிக இளையவர்களுக்குக் கிடைத்த கூலி 2 அணா அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

இத்தொழில் நடைபெறும் முறையைச் சிறிது நோக்குவோம். இலையை நனைத்து, அளவாக வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடித்து மூட வேண்டும். கூலி நாட்கணக்கில் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. ஆகவே சுருட்டுபவர் நூல் கட்டுவதையும் முனை மடிப்பதையும் ஒரு சிறுவனிடம் விட்டால், மாலைக்குள் எண்ணிக்கை உயரும். அச்சிறுவனுக்குத் தருவதோ சில காசு. இதனால் முதலாளிக்குக் குறைந்த செலவில் மிகுந்த சரக்குக் கிடைத்தது. சிறுவனைப் பணியில் வைத்தவர் சுருட்டுபவரே ஆதலால், பழியும் முதலாளியின் வாயிலை எட்டவில்லை. பட்டறையின் ஏட்டில் அச்சிறுவனின் பெயரே இராது.

கூலி குறைவு என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் சிறுவனின் பணிவு. பெரியவன் கணக்குக் கேட்பான்; பீடி நன்றாக இல்லை என்று கழித்துத் தள்ளினால் வாதிடுவான்; கூலி போதாதெனில் வேறு பட்டறைக்குப் போவான்; பலரோடு கூடிச் சங்கம் அமைப்பான். சிறுவனோ அடித்தால் அழுவான். அதட்டினால் மீண்டும் குனிந்து வேலை செய்வான். தன் உழைப்பின் விலையை அவன் அறியான். அவன் கூலியையும் பெரும்பாலும் அவன் கையில் தருவதில்லை. சுருங்கக் கூறின், முதலாளி நாடியது சிறுவனின் விரலை அன்று. எதிர்த்துப் பேசாத அவன் நாவையே.

இப்பணிவை உறுதியாக்கியது முன்பணம். திருமணம், நோய், மழையின்மை ஆகிய ஏதேனும் ஒரு நெருக்கடியில் பெற்றோர் கடன் பெறுவர். கடன் தீரும்வரை பிள்ளை வேலை செய்யவேண்டும் என்பது உடன்பாடு. கூலியோ கடனைத் தீர்க்கும் அளவில் இராது. அமிர்தசரஸின் கம்பளப் பட்டறைகளிலும், அகமதாபாத், சென்னைப் பகுதிகளின் பீடிப் பட்டறைகளிலும் இவ்வழக்கம் இருந்ததை ராயல் கமிஷன் கண்டது. அதன் விளைவாக 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 15 வயதுக்குட்பட்டோர் உழைப்பை அடகு வைக்கும் உடன்பாடு செல்லாது என்று அது கூறிற்று. மீறும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், முதலாளிக்கு 200 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க வழி செய்தது. நகையையும் நிலத்தையும் போலவே பிள்ளையையும் அடகு வைத்தனர் என்பதற்கு அச்சட்டத்தின் பெயரே சாட்சி.

இனி, இதனால் குடும்பத்துக்கு நன்மை விளைந்ததா என்பதைப் பார்ப்போம். பிள்ளையின் காசும் வந்தால் அடுப்பு எரியும் என்று பெற்றோர் நினைத்தனர். ஆனால் ஓர் ஊரின் பிள்ளைகள் யாவரும் குறைந்த கூலிக்குக் கிடைக்கும்போது, அவ்வூரின் பெரியவர்களுக்கு நல்ல கூலி தர முதலாளிக்கு என்ன தேவை? மகனின் மலிவான உழைப்பு தந்தையின் கூலியைத் தாழ்த்தியது. தந்தையின் கூலி தாழ்ந்தமையால் மகன் பட்டறைக்குச் செல்வது கட்டாயமாயிற்று. வறுமையே சிறுவர் உழைப்புக்குக் காரணம் என்பர். சிறுவர் உழைப்பே வறுமைக்குக் காரணம் என்பதும் அதே அளவு உண்மை. எழுத்தறியாது வளர்ந்த அச்சிறுவன் தந்தையானபோது, தன் மகனையும் அதே பாயில் அமர்த்தினான்.

சட்டங்கள் இதனைத் தடுக்க முயன்றன. 1881-இல் இயற்றப்பெற்ற முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயதுக்குட்பட்டோரை மட்டுமே விலக்கியது. 1938-இல் வந்த சட்டம் பீடி, தீப்பெட்டி, கம்பளம் முதலிய பட்டறைகளில் 12 வயதுக்குட்பட்டோரை விலக்கியது. ஆனால் குடும்பத்தினரைக் கொண்டே நடத்தும் பட்டறைக்கு விதிவிலக்கு அளித்தது. அவ்விலக்கே பெருவாயில் ஆயிற்று. 1958-இல் சென்னை அரசும், 1966-இல் மத்திய அரசும் பீடித் தொழிலுக்குத் தனிச் சட்டம் கண்டன. சட்டம் பட்டறைக்குள் புகுந்தபோது, வேலை வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் குடும்ப வேலையை விட்டுவைத்தது. 2016-இல் அச்சட்டம் திருத்தப்பெற்று, 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துதல் குற்றமாயிற்று. எனினும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக உதவலாம் என்னும் விலக்கு நீடிக்கிறது.

அவ்வாறாயின் பயன் தந்தவை எவை? பெரியவருக்கு வேலையும், பிள்ளைக்குப் பள்ளியும், பள்ளியில் சோறும் ஆகிய மூன்றே. கண்ணூரில் 1969-இல் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவு, சிறுவர்களை அமர்த்தாமலே பீடித் தொழிலைப் பெருக நடத்த இயலும் என்று காட்டியது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள், சிவகாசித் தொழில்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒவ்வொரு சிறுவனுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றது. அதனோடு அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயலவேண்டும் என்றும் பணித்தது. நோயின் வேரை அறிந்த தீர்ப்பு அது. அதற்கு நெடுநாள் முன்பே, 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவிய பள்ளிப் பகலுணவுத் திட்டம், பட்டறை தந்த இரண்டு காசுக்கு ஈடாக ஒரு வேளைச் சோற்றைப் பள்ளியிலேயே வைத்தது.

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி மிக நெருங்கியது. ஊர் விட்டு ஊர் செல்லும்போது முதலில் அறுபடுவது பிள்ளையின் படிப்பே. புதிய ஊரில் மொழி வேறு. சான்றிதழ் கையில் இல்லை. பருவம் பாதியில் நிற்கிறது. அடுத்த ஆண்டு சேர்க்கலாம் என்று பிள்ளையை உடன் அழைத்துச் செல்கிறோம். செங்கற்சூளையிலும் உணவு விடுதியிலும் மேஸ்திரியின் கண் அப்பிள்ளையின் மீது விழுவது அப்போதுதான். முன்பணம் தருகிறேன், பையனும் கூட நிற்கட்டும் என்று அவர் சொல்லும் சொல், நாம் மேலே கண்ட பழைய அடகுச் சொல்லே ஆகும்.

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை, வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ, சேர்க்கைக் காலம் கடந்தது என்றோ அரசுப் பள்ளி திருப்பி அனுப்புதல் ஆகாது. வேலையில் சிக்கிய பிள்ளையைக் கண்டால் 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தந்தை தன் மகனின் வாழ்வை மட்டும் காப்பதில்லை. தன் கூலியையும், பக்கத்து வீட்டானின் கூலியையும் சேர்த்தே காக்கிறார். இதனை நாம் உணர்ந்து நம் குடியிருப்புகளில் ஒருவருக்கொருவர் எடுத்துரைப்போமாக.