இரவுக் குளிசை காலையில் எங்கே?

லைசன்ஸ் முடிகிற திகதி கிட்டும்போதுதான் மூத்த வாசகர்களுக்குச் சந்தேகம் வருகிறது. சிலாவத்துறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "மெடிக்கலில் பாஸ். இரவில் மட்டும் நித்திரைக் குளிசை போடுவேன். காலையில் மோட்டார் சைக்கிள் ஓடலாம்தானே?"

மெடிக்கலில் பாஸ் என்றால், பார்த்த அன்றைக்குப் பெரிய குறை தெரியவில்லை என்று பொருள், அவ்வளவே. அந்தத் துண்டைக் காட்டி வாங்கும் சாதாரண வாகன லைசன்ஸோ 8 வருடம் செல்லும். இடையில் கிளினிக் கொப்பியில் ஏறும் குளிசைகளை அந்தத் துண்டு அறியாது.

"இரவில் மட்டும்" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. நித்திரைக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் டயசிபாம் கொழுப்பில் கரையும் சரக்கு. வயது போகப் போக உடம்பில் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடும். மருந்து அங்கே ஒதுங்கி, ஆறுதலாகத்தான் வெளியேறும். அதில் பாதி குறைய 20 வயதில் சுமார் 20 மணித்தியாலம் போதும். 70 வயதில் ஏறத்தாழ 70 வேண்டும். வயதையே மணித்தியாலமாக எண்ணிக்கொள்ளலாம். ஆளுக்காள் வித்தியாசம் உண்டு.

இப்போது கணக்கைப் போடுங்கள். எழுபது வயதுக்காரர் இன்றிரவு ஒன்று போடுகிறார். நாளை இரவு அடுத்ததை எடுக்கும்போது முதலாவதில் முக்காலுக்கு மேல் உள்ளேதான். நாளுக்கு ஒன்றாகப் போட்டு இரண்டு மூன்று கிழமை போனால், காலையில் ஹாண்டிலைப் பிடிக்கிறபோது உடம்பில் இருப்பது ஒன்றல்ல, நாலு குளிசைக்கும் சற்று அதிகம். பழகியவருக்குத் தூக்கம் தெரியாமல் இருக்கலாம். மன்னார்–புத்தளம் வீதியில் கட்டாக்காலி மாடு குறுக்கே வரும்போது பிரேக் பிந்துவதும் அவருக்குத் தெரியாது.

பொலிஸ் பலூன் ஊதச் சொன்னால்? மதுவை மட்டும்தான் காட்டும்.

உடனே நிறுத்திவிடலாமா? கூடாது, வலிப்பு வரலாம். டொக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

தடிமன் குளிசை? குளோர்பெனிரமின் என்றால் அதுவும் நித்திரைக் கூட்டம்தான்.

சீனிக் குளிசை? கிளிபென்கிளமைட் எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் ஓடுவது ஆபத்து. நோன்புக்கு முன்பே டொக்டரைக் கேளுங்கள்.

ஓடாவிட்டால் கிளினிக்குக்கு எப்படிப் போவது? பஸ்ஸில் போங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. மகனைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஆட்டோ.